மூச்சு விடலாம்

பகல் முழுக்க எலும்புகளைப் படமெடுப்பவள் நான்.
கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று
மூச்சைப் பிடியுங்கள் என்பேன்,
பிடிப்பார்கள்.
பெஃபுமூலா என்பேன், விடலாம் என்று சூலுவில்.
விடுவார்கள்.
எட்டு மணி நேரத்தில் நாற்பது மார்புக்கூடுகள்,
ஒன்றுக்கும் முகம் கிடையாது.

நான்கரைக்கு ஈய அங்கியைக் கழற்றி மாட்டுகிறேன்.
தோள்பையில் கேமரா,
என் சோற்று டப்பாவைவிடச் சிறியது.
உள்ளே எழும்பி விழக் கண்ணாடி இல்லாததால்
பல்லி வாய் மூடுவதுபோல ஒரு சத்தம்,
அதுவும் எனக்கு மட்டும்.

இன்று தட்டையை மாட்டியிருக்கிறேன்.
அந்த லென்ஸுக்கு எண்ணும் எழுத்துமாக
நீளமாய் ஒரு பெயர் உண்டு.
சரோஜினி பிள்ளை தீபாவளிக்குக் கொடுத்தனுப்பும்
தட்டையின் அளவே இருப்பதால்
எங்கள் வீட்டில் அது தட்டை.
சாட்ஸ்வொர்த் பேருந்தில்
முன்னிருக்கைக்காரரின் பிடரி,
முடி வெட்டியவர் மறந்துபோன ஒரு கீற்று,
சன்னலில் காய்ந்த உப்பு,
அதற்கப்பால்
ஜக்கராண்டா உதிர்ந்து ஊதாவான தார்ச்சாலை.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
பிடரிக்கு வயது தெரிகிறது,
எக்ஸ்ரேயில் நான் பார்க்காத வயது.

போன சனிக்கிழமை பிளஃப் மேட்டில்
நீள லென்ஸோடு நின்றேன்.
துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள்
எங்கள் எக்ஸ்ரே வரிசைபோலவே
யார் முதலில் என்று தெரியாமல் காத்திருந்தன.
ஒன்றின் மேல்தளத்தில் சிவப்பாக ஏதோ அசைந்தது.
மனிதனா, வாளியா?
வளையத்தைத் திருகித் திருகி
மனிதன் என்றே முடிவுகட்டிய நேரத்தில்
என் காலடியில் வைத்திருந்த லென்ஸ் மூடியைக்
குரங்கு எடுத்துக்கொண்டது.

சாம்பல் உடம்பு, அடிப்பிடித்த பாத்திரம்போல முகம்.
கடித்துப் பார்த்தது. பிடிக்கவில்லை.
பிடிக்காததையும் தர மனமில்லை அதற்கு.
சரி, படமாவது எடுப்போம் என்றால்
நீள லென்ஸுக்கு இவ்வளவு கிட்டம் ஆகாது.
நான் பின்னால் நடந்தேன்.
அதுவும் கூடவே வந்தது.
இன்னும் நான்கு அடி. இன்னும் நான்கு அடி வந்தது.
வாகன நிறுத்தம் வரை இப்படியே போனோம்.
அன்றிலிருந்து அந்த லென்ஸ்
லோகனின் ஒற்றைக் காலுறைக்குள் தூங்குகிறது.

லோகன் கணக்குப் பார்ப்பவர்.
அடகுக்கடையில் நான் எடுத்த பழைய ஐம்பதைக்
கையில் உருட்டிக்கொண்டே கேட்டார்,
ஒரு மாத மின்சாரக் காசு, இல்லையா?
உள்ளே பூஞ்சை வேறு, சிலந்திக்கால்போல.
ஆறிலிருந்து எட்டரை வரை மின்வெட்டு,
அந்தக் காசுக்கு வாங்கியிருந்தாலும்
மின்சாரம் வந்திருக்காது என்றேன்.
சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு
படத்தில் விழவில்லை,
தட்டை மேசையில் இருந்தது.

அந்த இருட்டில்தான் டாக்ஸி நிறுத்தத்துக்குப் போனேன்,
பழைய ஐம்பதோடு.
தோக்கோ தன் ஃபோன் விளக்கை
ஒரு மார்கரின் டப்பாவுக்குள் நிறுத்தியிருந்தாள்.
டப்பா முழுக்க மஞ்சள் வெளிச்சம்,
மேலே கோபுரமாய் தக்காளி,
அதற்கும் மேலே அவள் முகம்.
லென்ஸை முழுக்கத் திறந்தேன்.
இந்தக் கண்ணாடிக்குத் தானாகப் பார்க்கத் தெரியாது,
விரலால்தான் பார்க்கவேண்டும்.
மயிரிழை திருகினால் இமைமுடி வருகிறது,
மயிரிழை திருகினால் போகிறது,
காதுத்தோடு வருகிறது.
பின்னால் போகும் வண்டிகளின் விளக்கெல்லாம்
எண்ணெயில் உப்பும் பூரிகளாகின்றன.

அவள் அசையாமல் நின்றாள்.
தோள் உயர்ந்து, கழுத்து இறுகி.
அந்த நிற்பு எனக்குத் தெரியும்,
நாளைக்கு நாற்பது முறை பார்க்கிறேன்.
வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது,
பெஃபுமூலா.

மருத்துவமனைக் குரலிலேயே சொல்லியிருக்கிறேன் போல.
தோக்கோ குலுங்கினாள்,
பக்கத்துக் கொய்யாக்காரி குலுங்கினாள்,
டப்பா சரிந்து வெளிச்சம் தரையில் ஓடியது.
அந்த நொடியில் விரல் அழுத்திவிட்டது.

வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தேன்.
ரவை தூவியதுபோல எங்கும் புள்ளி.
முகம் கலங்கல்.
பற்கள் இருக்கலாம்.
தெளிவாக விழுந்தது ஒரே ஒரு தக்காளி,
அதன் காம்பு.

அழிக்கவில்லை.
இரண்டு கிலோ வாங்கவும் வேண்டியதாயிற்று.